கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால்: முதல் நிமிடத்திலிருந்து மருத்துவரின் அறை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நள்ளிரவில் ஒரு கையால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைபேசியோடு இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் மற்றதெல்லாம் அப்புறம். முழங்காலை நீட்டுங்கள். கால்விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மடக்குங்கள். கை எட்டவில்லை என்றால் ஒரு துண்டை எடுத்து, விரல்களுக்குச் சற்றுக் கீழே பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். சதை நீள்வது தெரிந்ததும் அப்படியே நிறுத்தி, முப்பது வரை எண்ணுங்கள். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டாம். வலி தளர ஆரம்பிக்கும். தளர்ந்ததும் விட்டுவிடாமல் இன்னொரு முப்பது எண்ணுங்கள். அவசரப்பட்டுக் காலை மடக்கினால் அதே இடத்தில் மறுபடியும் இழுக்கும்.

எழுந்து நிற்க முடிந்தால் இன்னும் எளிது. கட்டிலையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, இழுத்துக்கொண்ட காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்றி, முன்காலை மடக்கிச் சற்று முன்னால் சாயுங்கள். ‘வெறுந்தரையில் நில், சில்லென்று பட்டால் விட்டுவிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பலிப்பதற்குக் காரணம் இதுதான். தரையின் குளிர்ச்சிக்கு அதில் பங்கு இல்லை. நிற்கும்போது குதிகால் தரையில் படுகிறது, கெண்டைச் சதை நீள்கிறது, பிடிப்பு விடுகிறது. வயதானவர்கள் மட்டும் தூக்கக் கலக்கத்தில் துள்ளி எழக் கூடாது. உட்கார்ந்தபடியே துண்டை வைத்துச் சமாளிப்பது நல்லது. கெண்டைக்கால் வலி ஐந்து நிமிடத்தில் போய்விடும். இருட்டில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆறு மாதம் போகும்.

விட்டுவிட்டதா? இனி நிதானமாகப் படிக்கலாம்.

கடலூரில் இயன்முறை சிகிச்சை செய்வது என் தொழில். தசைப்பிடிப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ‘என்ன சாப்பிட வேண்டும்?’ என்பதைத்தான். வாழைப்பழமா, இளநீரா, மெக்னீசியம் மாத்திரையா, நரம்பு ஊசியா? வந்த பிடிப்பை எடுப்பது கை. அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்வது, சதையை நீட்டி வைக்கும் பழக்கமும் நீங்கள் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளைப் பற்றிய கவனமும். சாப்பாட்டுக்கு இதில் வேலை உண்டு, ஆனால் சிலருக்கு, சில பொழுதுகளில் மட்டும். அந்தச் சிலர் யார் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வேறு இடத்தில் பிடித்தால்

விதி ஒன்றுதான்: எந்தச் சதை சுருங்கிக்கொண்டதோ அதை எதிர்த் திசையில் மெல்ல நீட்ட வேண்டும்.

பின்தொடை என்றால் தரையில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். முன்தொடை என்றால் சுவரைப் பிடித்து நின்று, கணுக்காலைக் கையால் பிடித்துக் குதிகாலைப் புட்டத்தின் பக்கம் கொண்டுபோங்கள். முழங்கால் தரையைப் பார்க்கட்டும். உள்ளங்காலில் பிடித்தால் பெருவிரலைக் கையால் மேல்நோக்கி மடக்கிப் பிடித்தபடி, மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்கால் நடுவை அழுத்தித் தேய்க்கலாம்.

கை பிடித்துக்கொள்வது வேறு வகை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மீனவப் பெரியவரின் வலது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, அதன் அடிச்சதை கோலிக்குண்டு அளவுக்குத் திரண்டு நின்றது. விடிய விடிய ஈரக் கயிற்றை இறுகப் பிடித்த கை. “தம்பி, கடலில் இப்படிப் பிடித்தால் வலையை விடுவதா, கையை விடுவதா?” என்று கேட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போராடாமல், உள்ளங்கையைப் படகின் பலகைமேல் வைத்து, மறு கையால் அதை அழுத்தி உடம்பின் பாரத்தைச் சற்றே சாய்த்தால் போதும் என்று காட்டினேன். தையல்காரர்கள், பண்ணுருட்டிப் பக்கம் நாள் முழுதும் முந்திரி உடைக்கும் பெண்கள், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதே வழிதான்.

நீரில் பிடித்தால் ஆபத்து வலியில் இல்லை, பதற்றத்தில்தான். நீந்தும்போது பாதம் பின்னோக்கி நீண்டே இருப்பதால் கெண்டைச் சதை சுருங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது. பிடிப்புக்கு அது வசதி. உடனே மல்லாந்து மிதந்து, ஒரு மூச்சை ஆழமாக இழுத்து, கையை உயர்த்தி ஆளைக் கூப்பிடுங்கள். மிதந்தபடியே முழங்காலை நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள். விட்டதும் கரைக்கு வந்துவிடுங்கள். பிடித்த சதை சிறிது நேரத்தில் மறுபடியும் பிடிக்கும் குணமுடையது. வெள்ளிக் கடற்கரையிலும் புதுச்சேரிப் பாறைக் கடற்கரையிலும் அலை இழுக்கும் இழுப்பு தெரிந்தவர்கள், ஏற்கெனவே கால் சோர்ந்திருக்கும் நாளில் கடலில் இறங்குவதில்லை.

விட்ட பிறகு

இரண்டு நிமிடம் மெல்ல நடங்கள். கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி மேல்முகமாக, உள்ளங்கையால் நீவுங்கள். வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றினால் சதை இளகும். கடுமையான பிடிப்புக்குப் பிறகு ஓரிரு நாள் அந்த இடம் கன்றிப்போனதுபோல் வலிப்பது இயல்பு. தைலம் தடவுவதால் நஷ்டமில்லை. தோலில் எரிச்சலைத் தந்து வலியை மறக்கச் செய்யும், அவ்வளவுதான். பிள்ளைகளை விட்டுக் காலை மிதிக்கச் சொல்லும் வழக்கம் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெந்நீர் ஒற்றடத்தையும் வெந்நீர்ப் பையையும் தொடக் கூடாது. சூடு தெரியாமலே தோல் வெந்து, புண்ணாகி, பிறகு ஆறாமல் அவதிப்படுவார்கள். ஒரே கால் மட்டும் வீங்கிச் சூடாகவும் சிவந்தும் இருந்தால் நீவவே கூடாது. ஏன் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

சதை தானாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்தில் இருக்கும் நரம்பு அணுக்கள் கட்டளை அனுப்பினால்தான் சுருங்கும். அந்த அணுக்களுக்கு இரண்டு இடங்களிலிருந்து தகவல் போகிறது. சதையின் நடுவில் இருக்கும் உணர்விகள் ‘நீட்டுகிறார்கள், சுருங்கு’ என்று தூண்டும். சதை எலும்போடு சேரும் தசைநாணில் இருக்கும் உணர்விகள் ‘இழுவிசை கூடிவிட்டது, தளர்’ என்று அடக்கும். சதை களைத்துப்போனால் தூண்டும் குரல் ஓங்குகிறது, அடக்கும் குரல் தேய்கிறது. பித்தான் உள்ளே சிக்கிக்கொண்ட காலிங் பெல் மாதிரி நரம்பு நிற்காமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்க, சதை கட்டியாகிவிடுகிறது. மார்ட்டின் ஷ்வெல்னஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1997இல் முன்வைத்த விளக்கம் இது. உழைப்பாலும் ஓட்டத்தாலும் வரும் பிடிப்புக்கு இன்றைக்கும் பலர் ஏற்கும் விளக்கமும் இதுதான்.

இது புரிந்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். காலை நீட்டினால் ஏன் விடுகிறது? தசைநாண் இழுபட்டு, அடக்கும் குரல் திரும்பி வருவதால். இரவில் ஏன் வருகிறது? படுத்திருக்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய்கிறது, மேலே போர்வையின் பாரம் வேறு. கெண்டைச் சதை சுருங்கிய நிலையில் கிடக்க, தசைநாண் தொய்ந்துபோகிறது. அந்த நேரத்தில் சோம்பல் முறிக்கக் காலை நீட்டி விரல்களைக் கீழே வளைத்தீர்களானால், அடக்க ஆளில்லாமல் இழுத்துக்கொள்கிறது. உழைக்காத நாளில் வராதது உழைத்த நாளில் ஏன் வருகிறது? களைப்பு.

உப்பும் வியர்வையும்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

1920களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெக்கையில் வியர்த்துக் கொட்டி, வெறும் தண்ணீரை மட்டும் குடித்த தொழிலாளர்களுக்குக் கையிலும் காலிலும் வயிற்றிலும் கடும் பிடிப்பு வந்தது. நீரில் உப்பைக் கலந்து கொடுத்ததும் குறைந்தது. பிடிப்பென்றால் உப்புக் குறைவு என்ற எண்ணம் உலகெங்கும் பரவக் காரணமானவற்றில் இது முக்கியமானது. நெய்வேலியை நம் மாவட்டத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

தள்ளவும் வேண்டாம். ஆனால் நெடுந்தூர ஓட்டப் போட்டிகளிலும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிகளிலும் கலந்துகொண்டவர்களின் ரத்தத்தைப் பின்னாளில் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீரிழப்பிலோ உப்பின் அளவிலோ பொருட்படுத்தும்படியான வேறுபாடு தெரியவில்லை. பிடிப்பு வந்தவர்கள் பழக்கத்தை மீறிய வேகத்தில் போனவர்களாகவும், முன்பே பிடிப்பு வந்த அனுபவம் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். ஆக, பல மணி நேர வெயில் உழைப்பில் பல சதைகளில் பரவலாக வரும் பிடிப்புக்கு உப்புக் கணக்கு பொருந்தும். மெத்தையில் படுத்திருப்பவரின் ஒரே கெண்டைக்காலில் வருவதற்கு அநேகமாகப் பொருந்தாது. உடம்பு முழுவதற்கும் உப்புக் குறைந்திருந்தால் ஒரு கால் மட்டும் ஏன் இழுக்க வேண்டும்?

கடலூர், புதுச்சேரிக் கரையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. காயாததால் உடம்பு குளிர்வதில்லை. குளிராததால் இன்னும் வியர்க்கிறது. கத்திரி வெயிலில் கட்டடத்தில் கலவை சுமப்பவர், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுபவர், மதியக் கரையில் வலை காயவைப்பவர் எல்லோரும் சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்வை விடுகிறார்கள். காய்ந்த சட்டையில் வெள்ளையாகக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். அது சாதாரணச் சாப்பாட்டு உப்பு, அதில் இருப்பது சோடியம். வியர்வையில் முக்கியமாகப் போவது அதுதான். பொட்டாசியம் போவது கொஞ்சம்.

இதனால்தான் வாழைப்பழ வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதில் இருப்பது பொட்டாசியம், போனது சோடியம். சாப்பிட்ட உடனே அது ரத்தத்தில் ஏறிவிடுவதும் இல்லை. நல்ல பழம், சாப்பிடுங்கள், பிடிப்புக்கு மருந்தென்று மட்டும் நினைக்காதீர்கள். இளநீரும் அப்படியே: பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வெயிலில் உழைத்துவிட்டு வந்தவருக்கு இளநீரைவிட உப்புப் போட்ட நீர்மோரும், உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்த பழைய சோற்று நீராகாரமும் பொருத்தமானவை. காலையில் அதைக் குடித்துவிட்டு வயலில் இறங்கிய தலைமுறைக்கு இந்தச் சோடியக் கணக்கைச் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை.

வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பது சில நேரம் எதிர்மறையாகப் போகும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வெக்கையில் ஓடி வியர்த்தவர்கள் வெறும் தண்ணீர் குடித்தபோது கெண்டைச் சதை முன்பைவிட எளிதில் பிடித்துக்கொண்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்தபோது அவ்வளவு எளிதில் பிடிக்கவில்லை.

வீட்டில் கலப்பதானால்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. நாவில் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கடையில் வாங்குவதானால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடியைக் கேளுங்கள். சர்க்கரைப் பானங்கள் பல அந்தப் பெயரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விற்றுவந்தன. அந்த அளவுக்கு உட்படாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கோடு வரும் பிடிப்புக்கு இதுவே முதல் மருந்து.

இங்கே கறாராக ஒன்று சொல்ல வேண்டும். ரத்தக்கொதிப்போ இதய பலவீனமோ உள்ளவர்கள் உப்புக் கரைசலைத் தாமாகக் குடிக்கத் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் அதிகமானால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். ‘இளநீர்தானே, இயற்கைதானே’ என்று தினம் ஒன்றை நீட்டும் அன்பான உறவினர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

ஊறுகாய் நீர் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டு விளையாட்டு வீரர்கள் குடிப்பது வினிகரில் வெள்ளரிக்காய் ஊறிய புளிப்பு நீர். 2010இல் வெளியான ஆய்வில், அது வயிற்றிலிருந்து ரத்தத்தில் சேர்வதற்கு முன்பே பிடிப்பு தணிந்தது. அப்படியானால் வேலை செய்தது உப்பு இல்லை. தொண்டையில் பட்ட அந்தச் சுறீர் புளிப்பு நரம்பு வழியாகத் தண்டுவடத்தை அமைதிப்படுத்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ருசிகரமான செய்திதான், ஆனால் துண்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது ஜாடியைத் தேட வேண்டியதில்லை.

உங்களுக்கு ஏன் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு தாளை எடுத்து இரண்டு வாரம் குறியுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்தச் சதை, அன்று பகலில் என்ன வேலை, என்ன மாத்திரை. பாதிப் பேருக்கு விடை அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

*பழக்கமில்லாத நடை.* பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு முடித்துவிட்டு, நேராகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு, புதுச்சேரி வண்டி செஞ்சியைத் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இழுத்துவிடும். களைத்த சதையை அப்படியே மடக்கி வைத்தால் வேறு என்ன நடக்கும்? பஸ் ஏறும் முன் ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்து நின்று சதையை நீட்டுங்கள். வண்டியில் அரை மணிக்கு ஒரு முறை குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். ஆகஸ்ட் கடைசியில் கடலூர் வழியாக வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு, ஒவ்வொரு நிழலிலும் இதையே செய்வதோடு, முதல் நாள் வேகத்தைக் குறைக்கவும் சொல்வேன். முதல் நாள் பந்தயம் ஓடியவர்கள்தான் மூன்றாம் நாள் சாலையோரம் உட்கார்ந்திருப்பார்கள்.

*நின்றே செய்யும் வேலை.* புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக் கடைகளிலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலும் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்கு இரவுப் பிடிப்பு சகஜம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. சில கடைகளில் நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்தால் மேலாளரின் முகம் மாறுகிறது. நிற்கத்தான் வேண்டும் என்றால் அடிக்கடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். உயரமான குதிகால் செருப்பு வேண்டாம்.

*கர்ப்பம்.* கடைசி மூன்று மாதங்களில் பிடிப்பு மிகவும் சாதாரணம். நீட்டும் பயிற்சி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல், கால்மாட்டில் பாதத்தைத் தாங்கும் தலையணை ஆகியவை உதவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் ஒழுங்காக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் எதையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

*மாத்திரைகள்.* யாரும் சந்தேகிக்காத இடம் இது. ரத்தக்கொதிப்புக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலர் மருந்துகளில் சில, இவை மூன்றும் பிடிப்போடு தொடர்புடையவை என்று கண்டறியப்பட்டுள்ளன. மாத்திரை ஆரம்பித்த தேதியையும் பிடிப்பு ஆரம்பித்த தேதியையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு மாரடைப்பை வரவழைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

*நோய்கள்.* சர்க்கரை நோயில் நரம்பு பாதிப்பு, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், டயாலிசிஸ், கல்லீரல் நோய், முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்படுவது ஆகியவற்றில் பிடிப்பு அடிக்கடி வரும்.

மதுவும் இந்தப் பட்டியலில் உண்டு. புதுச்சேரி நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: அறுபதைத் தாண்டியவர்களில் மது அருந்துவோருக்கு இரவுப் பிடிப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டிய ஆய்வு 2018இல் பிரான்சிலிருந்துதான் வந்தது.

படுக்கைக்கு முன் ஐந்து நிமிடம்

சுவருக்கு எதிரே ஒரு கை நீள தூரத்தில் நில்லுங்கள். உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றுங்கள். வலது காலை ஓர் அடி பின்னால் வையுங்கள். முழங்கால் நேராக, குதிகால் தரையில், பாதம் சுவரைப் பார்த்தபடி. பெரும்பாலோர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் சதை நீளாது. இடது முழங்காலை மடக்கி, இடுப்பைச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். கெண்டையில் இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. முப்பது எண்ணுங்கள். பிறகு அதே நிலையில் பின்முழங்காலைச் சற்றே மடக்கி இன்னொரு முப்பது. இது உள்ளே இருக்கும் ஆழமான கெண்டைச் சதைக்கு. ஒவ்வொரு காலுக்கும் மும்முறை. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலைக் கட்டில்மேல் நீட்டி, முன்னால் குனிந்து பின்தொடையை நீட்டுங்கள்.

நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், தூங்கும் முன் இப்படி நீட்டியவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. 2005இல் பிரிட்டனில் வெளியான இன்னோர் ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு செலவில்லை, பக்கவிளைவில்லை என்பதால் நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வாரம் விடாமல் செய்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள் என்கிறேன். மல்லாந்து படுப்பவர்கள் போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாமல் தளர்வாக விடட்டும்.

காசைக் கரைக்கும் வைத்தியங்கள்

மெக்னீசியம் மாத்திரை வயதானவர்களின் இரவுப் பிடிப்பைக் குறிப்பிடும்படி குறைப்பதில்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்தவர்களுக்கு அது வேண்டும். மற்றவர்களுக்கு வயிறு இளகுவதுதான் மிச்சம். மருந்துக் கடையில் நேரே கேட்டுப் போட்டுக்கொள்ளும் ‘நரம்பு ஊசி’ பெரும்பாலும் பி வைட்டமின்கள். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பிடிப்பு போகாது. வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் பிடிப்பு தானே போயிருக்கும்.

குயினைன் மட்டும் வேறு ரகம். மலேரியாவுக்கான அந்த மருந்து பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ரத்தத் தட்டணுக்களைச் சரித்து, இதயத் துடிப்பைக் குலைத்து உயிருக்கே உலை வைக்கும் என்பதும் உண்மை. பிடிப்புக்காகக் கடையில் நேரடியாக விற்பதை அமெரிக்கா 1994இல் நிறுத்தியது. யாராவது பழைய சீட்டைக் காட்டி இதை வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

பிடிப்பு போலத் தெரிந்து, பிடிப்பு இல்லாதவை

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்க, நீட்டினாலும் விடாமல் மணிக்கணக்கில் நீடித்தால், ஆழத்து நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின்னும், பிரசவத்துக்கு முன்னும் பின்னும், நீண்ட பயணத்துக்குப் பின்னும் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். நீவினால் ரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றைக்கே மருத்துவமனை, மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டை வலிக்கிறது, நின்றால் போகிறது, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் வருகிறது என்றால், அது காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பின் அடையாளம். புகை பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கக் கூடாது.

இரவில் சதை கட்டியாகாமல், வலியும் பெரிதாக இல்லாமல், காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு மட்டும் இருந்தால் அது வேறு கோளாறு. பலருக்கு அடியில் இரும்புச் சத்துக் குறைவு இருக்கும்.

இரண்டு கைகளும் ஒன்றாக மடங்கி, வாயைச் சுற்றி மதமதப்பு இருந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம், குறிப்பாகத் தைராய்டு அறுவை செய்தவர்களுக்கு. கடும் உழைப்புக்குப் பின் பிடிப்போடு சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் சதை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். காயத்துக்குப் பின் தாடை இறுகினால் தனுர்வாதமாக இருக்கலாம். இம்மூன்றுக்கும் காத்திருக்கக் கூடாது. சதை மெலிந்துகொண்டே போவது, கை கால் பலம் குறைவது, தோலுக்கடியில் சதை ஓயாமல் துடிப்பது ஆகியவற்றுக்கு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல், ஆறு வாரம் நீட்டியும் வாரத்துக்குச் சில இரவுகள் தூக்கம் கெடுகிறதென்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ பொது மருத்துவத்தைப் பாருங்கள். சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், தைராய்டு, ஸ்டாட்டின் சாப்பிடுவோருக்குத் தசை நொதி, இந்தச் சோதனைகளில் தேவையானவற்றை அவர்கள் எழுதுவார்கள். போகும்போது இரண்டு வாரக் குறிப்புத் தாளையும், வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் அத்தனையையும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்னதாக இருக்கும்’ என்று சொன்னால் எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது.